சேர்த்து வைத்த லீவு

1

ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு பாகப்பிரிவினை நடக்கும். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் முறைப்பு, நடுவில் மூன்று கிளாஸ் தேநீர். கக் ரொஹானி, மெய் லிங், நான் மூவரும் உட்கார்ந்து அந்த வருஷத்துப் பெருநாள்களைப் பிரித்துக்கொள்வோம். கக் என்றால் மலாயில் அக்கா. ரொஹானி எங்கள் இருவருக்கும் மூத்தவர்.

நான் வேலை பார்ப்பது மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில், ரப்பர் கையுறை செய்யும் இடத்தில். நம்மூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும்போது நர்ஸ் மாட்டியிருப்பாரே, அதேதான். ஆய்வுக்கூடத்தில் எங்கள் வேலை, கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, கொடியில் துணி காயப்போடுவது மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது. இயந்திரம் ராப்பகலாக ஓடுவதால் மூன்று ஷிப்ட், மூன்று மேற்பார்வையாளர்கள். ஒருத்தி லீவு போட்டால் மற்ற இருவரும் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும்.

அதனால் ஓர் ஏற்பாடு. சீனப் புத்தாண்டுக்கு மெய் லிங் ஒரு வாரம் போவாள், நானும் கக் ரொஹானியும் தாங்குவோம். நோன்புப் பெருநாளுக்குக் கக் ரொஹானி சொந்த ஊரான கிளந்தானுக்குப் போவார், நானும் மெய் லிங்கும் தாங்குவோம். தீபாவளி வாரம் என்னுடையது. எங்களுக்கு முன்பு இருந்தவர்களும் இப்படித்தான் செய்தார்களாம். அலுவலகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

ஆனால் தீபாவளிக்கு நான் ஒரே ஒரு நாள்தான் எடுப்பேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, வந்தவர்களுக்கு முறுக்கு கொடுத்து, மறுநாள் காலை வேலைக்கு வந்துவிடுவேன். "மிச்ச நாளை என்ன பண்றே, ஊறுகாய் போடுறியா?" என்று மெய் லிங் மலாயில் கேட்பாள்.

ஊறுகாய்தான். லீவு விஷயத்தில் நான் மகா கஞ்சம். காய்ச்சல் வந்தால் இரண்டு மாத்திரை. பல்வலி வந்தால் கிராம்பு. மகள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி என்றால் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வேன். மிச்சம் பிடித்த நாளெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி நாமக்கல்லுக்குக் கொண்டுபோவேன், அம்மாவிடம். பதினாறு வருஷமாக இப்படித்தான். வெளிநாட்டில் இருக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் இதையேதான் செய்துகொண்டிருப்பார்கள்.

போன வருஷம் யாழினிக்குப் பரீட்சை என்று போகவில்லை. அந்த லீவை இந்த வருஷத்தோடு சேர்த்துக்கொள்ள மனிதவளப் பிரிவில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தேன். வருஷக் கடைசியில் முழுசாக ஒரு மாதம். அம்மா இப்போதே தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டதாகத் தம்பி சொன்னான்.

2

என் கணவர் சேகர் இந்த மண்ணில் மூன்றாம் தலைமுறை. அவருடைய அம்மா அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. நாங்கள் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் ஒரு தரை வீட்டில் இருக்கிறோம். சேகர் இயந்திரம் பழுது பார்ப்பவர். ஈப்போவில் அவர் பார்த்த வேலை போய், தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங்கில் இன்னொரு வேலை கிடைத்தது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, பகலும் இரவும் மாறி மாறி வரும்.

அவருடைய ஓய்வு நாளும் என்னுடைய ஓய்வு நாளும் எப்போதாவது ஒன்றாக அமையும். அன்றைக்குப் பார்த்து யாராவது கல்யாணம் வைத்திருப்பார்கள்.

ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் வருஷத்துக்கு ஒருமுறை நிச்சயமாகச் சேர்ந்து லீவு போட்டோம். குடிநுழைவு அலுவலகத்துக்காக. துணைவி விசாவைப் புதுப்பிக்கக் கணவனும் நேரில் வந்து கவுண்டரில் நிற்க வேண்டும். காலையிலேயே போய் எண் வாங்கிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். ஒரு பத்திரம் குறைகிறது என்பார்கள், நகல் எடுக்க ஓடுவோம், நடுவில் ரொட்டி சானாய் சாப்பிடுவோம். அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசியது அங்கேதான். பிறகு எனக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது, அந்த லீவும் நின்றுபோனது. "அதுதான்லா நம்ம ஹனிமூன், கவர்மெண்டு குடுத்தது" என்று சேகர் இன்னும் சொல்வார். அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சில் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்வது.

ஒருமுறை, தோட்டக் காலமே தேவலை போலிருக்கிறது, மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, எல்லோரும் வீட்டில் இருந்திருப்பீர்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மழ பேஞ்சா பெரட்டு இல்ல, சரி. கூலியும் இல்லலா மலர். எங்கம்மா மழயப் பாத்தா அழுவாங்க" என்றார். பெரட்டு என்றால் விடியற்காலையில் பேர் சொல்லி ஆளெடுப்பது. அதற்குப் பிறகு நான் அந்தக் காலத்தைப் புகழ்வதை விட்டுவிட்டேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் யாழினி. பதினான்கு வயது. என்னோடு தமிழ், தோழிகளோடு மலாய், கைப்பேசியோடு ஆங்கிலம். இந்த வருஷம் விமான டிக்கெட் பார்க்க உட்கார்ந்தபோது, அவள் அறைக் கதவில் சாய்ந்தபடி நின்று, "நான் வரலமா" என்றாள்.

"ஏன்? பாட்டி உன்னைப் பார்க்க ஏங்கிட்டு இருக்கு."

"அங்க போனா நீங்க தூங்கிட்டே இருக்கீங்கலா. நான் மட்டும் பாட்டிகூட சீரியல் பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளை கைவிட்டுப் போகிறாள், சொந்த ஊர் என்றால் கசக்கிறது, அதற்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். சேகரிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் காலணியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

3

சீனப் புத்தாண்டை நாங்கள் தாங்கினோம். பிறகு நோன்புப் பெருநாள் வந்தது. கக் ரொஹானி கிளந்தானுக்குப் போய்விட்டார். நான் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை, மெய் லிங் இரவு. சேகருக்கும் அந்த வாரம் இரவு ஷிப்ட். நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் வந்திருக்க மாட்டார். வந்து சேர்ந்ததும் "வந்தாச்சு" என்று ஒரு வரி அனுப்புவார். கைப்பேசியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் பத்து மணிக்குத் தேநீர் நேரத்தில்தான் அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போவேன், பதில்கூடப் போடுவதில்லை.

பெருநாளின் இரண்டாம் நாள் அந்த வரி வரவில்லை.

கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டேன். "அப்பா இன்னும் வரலமா. ஜாம் போல" என்றாள் யாழினி. பெருநாளுக்கு நாடே ஊருக்குப் போகும், சாலை திணறும், அது உண்மைதான். ஆனால் நெரிசலில் நிற்கிறவர் போன் எடுப்பார் இல்லையா?

அன்றைக்கு விதியை மீறி மேலங்கிப் பைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு உள்ளே போனேன். கொடியில் கையுறைகள் தண்ணீரோடு தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் சுண்டுவிரலில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேனாம், குறிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தொட்டுச் சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது. இத்தனை வருஷத்தில் அப்படி விட்டதில்லை. கோலா கங்சாருக்கும் ஈப்போவுக்கும் நடுவில் மலைக்குள் போகும் அந்தச் சாலையும், அதன் இறக்கமும், பின்னால் விரட்டி வரும் லாரிகளும்தான் மனதில் ஓடின. அவர் இல்லாமல் இந்த ஊரில் நான் யார் என்று ஒரு நினைப்பு வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது கைப்பேசி அதிர்ந்தது.

"மலர், ஒன்னும் இல்லலா. சுங்கை பேராக்ல வண்டிய நிப்பாட்டி கொஞ்சம் கண்ண மூடுனேன். அப்படியே போயிருச்சு. இப்பத்தான் முழிச்சேன்."

நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் இளைப்பாறும் இடம் அது. எழுபது எண்பது கார்களுக்கு நடுவில், வெயிலில், கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிவிட்டு மனிதர் தூங்கியிருக்கிறார். நான் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

4

நாலு இரவும் முடிந்து அன்றைக்கு அவருக்கு ஓய்வு. நான் வேலை முடிந்து வந்து இரவு சோறு போடும்போதுதான் மீதியைச் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. அவராக முடிவு செய்து நிறுத்தவில்லை. கண் தானாக மூடியிருக்கிறது. சாலை ஓரத்துச் சொரசொரப்புக் கோட்டில் சக்கரம் ஏறி 'தர்ர்ர்' என்று சத்தம் வந்திருக்கிறது. அந்தச் சத்தத்தில் விழித்துத்தான் வண்டியைத் தடத்துக்குத் திருப்பி, அடுத்து வந்த இடத்தில் ஒதுக்கியிருக்கிறார்.

"பா, டோன்ட் டிரைவ் லா" என்றாள் யாழினி. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். "நைட் முடிஞ்சி ஓட்டாதீங்க. ப்ளீஸ்." அவள் அறைக் கதவு சாத்திக்கொண்டது. எப்போதும் காதில் இயர்போன் மாட்டியிருக்கும் பிள்ளை, அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருந்தாள்.

தைப்பிங்குக்கே வீடு மாறலாமா என்று யோசித்தோம். என் வேலை, அவள் பள்ளி, வீட்டுக் கடன் எல்லாம் இங்கே. நிரந்தரப் பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தார், இப்போதைக்கு இல்லை என்றார்கள். முதல் மூன்று இரவு தாங்கிவிடும், நாலாவது இரவு முடிந்து வரும் காலைதான் மோசம் என்றார். மற்ற காலைகளில் அங்கேயே காரில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புவதாக யாழினியிடம் சத்தியம் செய்தார். நாலாவது காலைக்கு என்ன செய்வது?

"நான் வந்து கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"எப்படி? ஒனக்கு வேல."

"லீவு இருக்கு."

சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. அது நாமக்கல் லீவு.

5

கக் ரொஹானி கிளந்தானிலிருந்து பலகாரப் பெட்டியோடு திரும்பினார். மூவரும் மறுபடி கேன்டீனில் உட்கார்ந்தோம். பாகப்பிரிவினையைத் திருத்த வேண்டும் என்றேன். எனக்கு ஒரு மாதத்தை மொத்தமாகத் தர வேண்டாம், சேகரின் நாலாவது இரவு முடியும் காலைகளில் ஒவ்வொரு நாளாகத் தாருங்கள் என்று கேட்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர்கள் இருவரும் அல்லவா பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும்.

"போலே லா" என்றார் கக் ரொஹானி, தாராளமாகச் செய்யலாம் என்று.

"நீ கேக்கிறது நல்லது" என்றாள் மெய் லிங். "நீ எதுக்குமே லீவு கேக்க மாட்டே. ஒன்னப் பாத்து எனக்கும் கேக்க வெக்கம். போன மாசம் எங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கேக்கல, அண்ணன அனுப்பிட்டேன்."

அவள் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதிவிட்டேன், அவள் முகம் போன போக்கை எழுதத் தெரியவில்லை. நான் பாட்டுக்கு ஓர் ஓரமாக என் நாள்களைச் சேர்த்து வைப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அது அடுத்தவளுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று கனவிலும் தோன்றியதில்லை. அவளுடைய அப்பாவின் அடுத்த மருத்துவ நாளுக்கு நான் நிற்கிறேன் என்று அங்கேயே சொன்னேன்.

லீவு விண்ணப்பம் இப்போது கணினியில். காரணத்தை ஒரு வரிசையிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். உடல்நலம், திருமணம், இறப்பு, சொந்த ஊர், மற்றவை. 'மற்றவை' என்று அழுத்தினால் விளக்கம் கேட்கிறது. கணவர் தூங்குவதற்காக என்று எழுதினால் யாருக்குப் புரியும்? 'குடும்ப விஷயம்' என்று மலாயில் எழுதினேன். பத்து நிமிஷத்தில் மனிதவளப் பிரிவு அம்மணி கூப்பிட்டார். பதினாறு வருஷமாக மொத்தமாகவே லீவு எடுக்கிறவள் இப்போது சில்லறையாகக் கேட்டால் சந்தேகம் வராதா? வீட்டில் சண்டையா என்று ரொம்பக் கரிசனமாக விசாரித்தார். இல்லை, சமாதானம்தான் என்றேன்.

சேகருக்கோ வேறு கவலை. "பொண்டாட்டி ரயிலேறி வந்து கூட்டிட்டுப் போறான்னு ஆளுங்க சிரிப்பாங்கலா" என்றார்.

"சிரிக்கட்டும். நீங்க தூங்குங்க."

6

முதல் நாள், காலை ரயிலில் ஈப்போவிலிருந்து தைப்பிங்குக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்த ரயிலில் நான் ஏறியதே இல்லை. கையில் ஒரு பையும் இல்லாமல், வேலை நாளில், சன்னலோரம் உட்கார்ந்திருப்பது ஏதோ திருட்டுத்தனம் மாதிரி இருந்தது. யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்றுகூடப் பார்த்தேன்.

சேகர் நிலையத்துக்கு வெளியே காரில் சாய்ந்து நின்றார். அவருடைய தொழிற்சாலையிலிருந்து அங்கே வரைக்கும் பக்கம்தான். கண் சிவந்திருந்தது. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "பசியாறலாமா?" என்றார். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இந்த ஊரில் முதலில் பிடித்துப்போன சொல் அது.

தோசை சாப்பிட்டோம். ஏரித் தோட்டத்தில் கொஞ்ச தூரம் நடந்தோம். பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், கிளைகள் சாலையைத் தாண்டிப் போய்த் தண்ணீரைத் தொடுகின்றன. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். விசேஷமாக எதுவும் பேசவில்லை. குழாயில் தண்ணீர் மெதுவாக வருவது, யாழினி பல்லுக்குக் கம்பி போடலாமா என்பது, என் பல்வலி. "நீ மொதல்ல போய்க் காட்டு" என்றார். தைப்பிங்கில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. பெரிய தூறலாக விழத் தொடங்கியது.

அவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "பெரட்டு இல்ல. போலாம்."

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் இடது ஓரத் தடத்தில் நிதானமாக ஓட்டினேன். அவர் அன்றைக்கு நிறுத்தித் தூங்கிய இடத்தைத் தாண்டினேன். சக்கரம் கோட்டில் ஏறிய இடம் எது என்று அவரிடம் நான் கேட்டதில்லை, அதனால் அதற்கு முன்பு ஒவ்வொரு வளைவும் அதுவாக இருக்குமோ என்று பயந்துகொண்டே வந்திருந்தேன். சுரங்கப்பாதைக்குள் மழைச் சத்தம் அடங்கி அவருடைய குறட்டை மட்டும் கேட்டது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் எழுப்ப மனம் வரவில்லை. அன்று மாலை பல் மருத்துவரிடம் போனேன்.

7

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிவிட நினைப்பேன். அம்மா, வெங்காய வடகம் போட்டுவிட்டதாகவோ, மாடி அறைக்குப் புதுக் கொசுவலை வாங்கிவிட்டதாகவோ ஆரம்பிக்கும். நான் வாயை மூடிக்கொள்வேன். லீவு ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தது. இனி மூட்டை கட்ட ஒன்றும் இல்லை என்ற நிலை வந்த பிறகு, ஒரு ஞாயிறு மதியம், யாழினி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஸ்பீக்கரில் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, இந்த வருஷமும் வர முடியாதும்மா."

நான் கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய தூக்கம், கோடு, ரயில், லீவு எல்லாம்.

"மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலயே?"

"இல்லம்மா. நல்லா இருக்கார்."

"செரி கண்ணு. அதான் முக்கியம்" என்றது அம்மா. "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டயே?"

"சொல்லும்மா."

"நீ வர்றேன்னா ஒரு மாசமா வாசலயே பாத்துட்டு இருப்பேன். நீ வந்து, பொட்டியக் கூடப் பிரிக்காம படுப்பே. பக்கத்து வூட்டுக்காரி வந்து புள்ள எங்கன்னு கேப்பா. தூங்கறான்னு சொல்லுவேன். பொழுதோட மறுக்காவும் வந்து கேப்பா. அப்பவும் தூங்கறான்னுதான் சொல்லுவேன். கரண்டு போச்சுன்னா நீ எந்திரிச்சிருவயேன்னு விசிறிட்டு உக்காந்திருப்பேன். எழுப்பலாமான்னு இருக்கும். அங்க என்ன பாடு படறாளோ, பாவம்னு உட்டுருவேன். நீ கண்ணு தெளிஞ்சு எங்கிட்ட வந்து உக்கார்றப்ப, நாளைக்குப் பிளேனுன்னு தம்பி காரத் தொடச்சிட்டு இருப்பான்."

யாழினி என்னைப் பார்க்காமல் சோபாவின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். இதையே அவள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அம்மா சொன்னபோது அழுகை வந்தது, அடக்கப் பார்த்தும் சத்தம் கேட்டுவிட்டது.

"அழுகாத சாமி. நாங் குத்தமாச் சொல்லுல" என்றது அம்மா. "தூங்கறதையெல்லாம் அங்கயே தூங்கிட்டு வா. நாலே நாளுக்கு வந்தாலும் செரி, எங்கூடப் பேசறக்கு வா."